திரும்பி வந்த வெள்ளைப் போளை

பில்லியட் மேசை என்றால் உங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கொழும்பு ஹோட்டலும் மின்விசிறியும் வெள்ளைக் காற்சட்டைக்காரர்களும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வௌவால் எச்சத்தின் மணம் வரும். நீங்களெல்லோரும் சின்ன வயதில் கிளித்தட்டு மறித்தீர்கள், கெந்தியடித்தீர்கள், அடுத்த வீட்டு மாமரத்துக்குக் கல்லெறிந்தீர்கள். நாங்கள் கூடுகிற இடமெல்லாம் ஒருவரை ஒருவர் மிஞ்சி அதையே சொல்லுகிறீர்கள். நான் வாயைத் திறப்பதில்லை. போனமுறை பக்கத்தில் இருந்தவர் "உமக்கு விளையாட்டே தெரியாதோ" என்று சீண்டினார். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் விளையாடவில்லை, உண்மைதான். ஆனால் வன்னிக் காட்டுக்குள் ஒரு பில்லியட் மேசையைச் சுற்றி நின்று பெண்கள் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

அப்பா குளத்துப் பங்களாவின் காவலாளி. மாங்குளத்தில் பஸ் ஏறி, இறங்கி, பிறகு குளக்கட்டு வழியே நெடுந்தூரம் நடந்தால் பாலைமரங்களுக்கு நடுவில் அந்தப் பங்களா நிற்கும். வெள்ளைக்காரன் காலத்தில் குளத்தைத் திருத்த வந்த ஒரு துரை தனக்கென்று கட்டினது. நாங்கள் பின்பக்கத்து இரண்டு அறைகளிலும் குசினியிலும் இருந்தோம். முன்மண்டபத்தில் துரை விட்டுப்போன மேசை மட்டும் இருந்தது. பச்சைத் துணிக்குக் கீழே அதற்குப் பலகை இல்லை, தடித்த கல். அந்தப் பாரத்தை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. துரை சுகமாகக் கப்பல் ஏறிப் போனார் என்று சிலர் சொன்னார்கள். காய்ச்சல் கண்டு அந்த மண்டபத்திலேயே செத்தார் என்று வேறு சிலர் சொன்னார்கள். அண்ணனும் நானும் அவர் செத்தார் என்பதையே விரும்பி நம்பினோம்.

மேசையின் சாமான்களை எங்கள் வீடு மெல்ல மெல்ல விழுங்கியிருந்தது. போளைகளை, அந்த உருண்டைப் பந்துகளை, அடுக்கும் முக்கோணச் சட்டத்தில் அம்மா சோற்றுப்பானையை இறக்கி வைப்பார். நீளமான தடி ஒன்று உடுப்புக் காயவிடும் கொடிக்கு முட்டுக்கொடுத்தது. சிவப்புப் போளைகளில் பாதிதான் மிச்சம், மற்றவற்றைக் குரங்கு கொண்டுபோனதாக அப்பா கணக்குச் சொல்லுவார். வெள்ளைப் போளை ஒன்றே ஒன்று. அது வெள்ளையும் இல்லை, வெற்றிலை போடும் கிழவரின் பல்லைப் போல மஞ்சளித்துப்போயிருந்தது. யானைத் தந்தத்தில் கடைந்தது என்றார்கள். ஒருநாள் மத்தியானம் ஒரு கொம்பன் மண்டப யன்னலுக்கு வெளியே வந்து, தும்பிக்கையைக்கூட அசைக்காமல், நெடுநேரம் நின்றது. தன் சாமானைத் தேடி வந்திருக்கிறது என்று அம்மா கதவுக்குப் பின்னால் நின்று தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் ஓர் இஞ்சினியர் ஐயா குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசைப் பார்க்க வந்து பங்களாவில் தங்கினார். மேசையைக் கண்டதும் சின்னப்பிள்ளையாகிவிட்டார். கொடிக்கு முட்டாய் நின்ற தடியைக் கழற்றுவித்து, அதன் நுனிக்கு அப்பாவின் பழைய சப்பாத்திலிருந்து ஒரு துண்டுத் தோல் ஒட்டுவித்து, தன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெண்கட்டியை எடுத்து அதில் தேய்த்தார். வெண்கட்டி என்று சொன்னாலும் அது நல்ல நீலம். சிவப்புகளை மேசையின் அந்தத் தலைப்பில் முக்கோணமாக அடுக்கினார். இந்தத் தலைப்பில் வெள்ளையை வைத்து, குனிந்து, ஓங்கி அடித்தார். வெள்ளை நேரே போய்க் கூட்டத்தில் மோதியது. சிவப்புகள் நாலா பக்கமும் சிதறின. வெள்ளை மோதின இடத்தில் ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு, ஒருவரும் தொடாமல், அவ்வளவு தூரமும் உருண்டு திரும்பி அவருடைய கையடிக்கே வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். அவனுக்குப் புல்லரிக்கவில்லை, பசி பிடித்தது.

"அதெப்பிடி ஐயா?"

"ஒண்டுமில்லைத் தம்பி. போளையின்ரை நடுவுக்குக் கீழ அடிக்கவேணும். அது முன்னுக்குப் போகும், ஆனால் பின்னுக்குச் சுத்திக்கொண்டு போகும். முட்டினவுடன அந்தச் சுழற்சி இழுத்துக்கொண்டு வந்திடும். மேல அடிச்சால் கூட்டத்துக்குள்ள புகுந்திடும். பக்கத்தில அடிச்சால் நிண்ட இடத்திலயே பம்பரம்."

ஐயா இரண்டு நாளில் போய்விட்டார். நீல வெண்கட்டியை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அண்ணன் மண்டபத்தில்தான். கீழே அடித்து அடித்துத் துணியை இரண்டு இடத்தில் கிழித்தான். அப்பாவிடம் அடி வாங்கியும் கட்டினான். வெண்கட்டி பூசாமல் அடித்தால் தோல் வழுக்கும், சரி நடுவில் முட்டாவிட்டால் வெள்ளை எங்கேயோ ஓடும் என்பதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மனப்பாடம். சோளகக் காற்றில் துணி முறுமுறுவென்று காய்ந்த பிறகு அவனுக்கும் போளை திரும்பி வரத் தொடங்கியது.

சித்தி எங்களிடம் வந்தது அந்த நாட்களில்தான்.

சித்தி அம்மாவின் தங்கை. சித்தப்பா முல்லைத்தீவில் நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளியின் லொறி ஓட்டினார். ரோட்டில் ஆமி மறித்து ஆட்களைப் பிடிக்கிற காலம், நெல் ஏற்றிக்கொண்டு தெற்கே போனவர் திரும்பவில்லை. நானா லொறியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ரோட்டோரம் கதவுகள் திறந்தபடி, ஒரு மூட்டைகூடக் குறையாமல் நின்றதாம். ஆள் இல்லை. ஆசனத்துக்குக் கீழே செருப்பு மட்டும் சோடியாக இருந்தது. நானா அதைப் பத்திரிகைத்தாளில் சுற்றிக்கொண்டு சித்தியோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, நான் போகாத இடமில்ல, கேக்காத ஆளில்ல. அல்லா அறிவான்" என்று சொல்லி, அந்தப் பெரிய மனுசன் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சித்தி அழவில்லை. செருப்பை வாங்கி, தண்ணீர் தெளித்துத் துடைத்து, வீட்டுக்குள் நுழைகிற பக்கமாக நுனி பார்க்கும்படி வாசலில் வைத்தார். ஆள் உள்ளே இருப்பதுபோலத்தான் இருந்தது. நான் அந்த வாசலால் போவதை விட்டுவிட்டேன்.

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் வெவ்வேறாக இலையில் பொதிந்து சாமிக்கு முன்னால் போட்டு, சின்னப்பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும். சித்தி பிள்ளையார் கோயிலில் பூக்கட்டினார். எடுத்தது நான். முதல் தரம் வெள்ளை, அடுத்த தரம் சிவப்பு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம், ஈரத்தலையோடு மண்டபத்தைக் கடந்து போன சித்தி வாசலில் நின்றுவிட்டார். அண்ணன் அப்போதுதான் கூட்டத்தை உடைத்தான். சிவப்புகள் சிதறின. வெள்ளை யோசித்தது. திரும்பி வந்தது.

"வெள்ளை வந்திட்டுது" என்றார் சித்தி, மிக மெல்லிய குரலில். "தம்பி, வெள்ளை தானாத் திரும்பி வந்திட்டுது."

அண்ணன் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். சித்தியின் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். நானும்தான். நீங்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அது வழக்கமாகிவிட்டது. அம்மா சட்டத்திலிருந்து சோற்றுக்கரியைத் தேய்த்துக் கழுவிக் கொடுப்பார். சித்தி முழுகிவிட்டு வந்து மேசையின் ஓரத்தில் செம்பரத்தம்பூ வைப்பார். மனதுக்குள் கேட்பார். அண்ணன் அடிப்பான், கீழேதான். அவன் பொய்க்காரன் அல்ல, இரக்கக்காரன். கதை காற்றில் போய், குடியேற்றத்தில் இருந்த பெண்களும் வரத் தொடங்கினார்கள். மலையகத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்த ஓர் அம்மா, கொழும்புக்கு வேலைக்குப் போன மகனுக்காக வந்தார். "எம் மகனுக்கும் ஒருவாட்டி அடிச்சிப் பாரு ராசா" என்று அண்ணனின் தாடையைத் தொட்டுக் கெஞ்சினார். போளை திரும்பி வந்ததும் அந்தக் கல்மேசையில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டார். துரை கேட்டவருக்கு மறுமொழி சொல்லுகிறார் என்றார்கள். அரசாங்கச் சாமானில் கற்பூரம் கொளுத்தினால் தன் வேலை போய்விடும் என்று அப்பா கத்தினார். ஆனால் அப்பாவும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்.

இதற்கிடையில் மண்டபத்தில் மத்தியானச் சத்தம் தொடங்கியிருந்தது.

வன்னியின் மத்தியானத்தை அறியாதவர்களுக்குப் பேய் இரவில்தான் வரும். எங்களுக்கு அது மத்தியானத்தில் வந்தது. காற்று விழுந்துவிடும், மயில் அகவாது, குளத்துத் தண்ணீர் தகடாகிவிடும். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியும் அண்ணன் மாட்டோடு வெளியே போயிருப்பான். அப்பா துருசடியில். அம்மாவும் நானும் குசினி நிலத்தில் சரிந்திருப்போம். அப்போது பூட்டின மண்டபத்துக்குள்ளிருந்து கேட்கும். டக். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், டக்.

"அம்மா, உது கேக்குதோ?"

"கேக்கேல்லை. படு."

அம்மாவின் கை என் காதைப் பொத்தியிருக்கும். அடுத்த நாள் மண்டபக் கதவில் வேப்பிலை தொங்கும். நான் கதவிடுக்கால் பார்த்தால் மேசையில் எல்லாம் ஒழுங்காக, முக்கோணத்தில் அடுக்கினபடி இருக்கும். அதுதான் என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. துரை செத்தும் ஒழுங்கு குலையாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். சித்தி அந்த நேரங்களில் குளிக்கப் போயிருப்பார், அல்லது விறகு பொறுக்கப் போயிருப்பார். வந்து சோறு போடுகையில் அவருடைய நகக்கண்ணில் நீலம் ஊறியிருக்கும். உடுப்புக்குப் போடும் நீலம் என்று நினைத்தேன். எனக்கு அந்த வயதில் இருந்த மூளை அவ்வளவுதான்.

கோடை முற்றிக் குளம் வற்றிக்கொண்டு வந்தபோது, மன்னாரிலிருந்து சித்தப்பாவின் தமையன் வந்தார். குடும்பத்தோடு படகில் இந்தியாவுக்குப் போகப் போகிறாராம். தம்பி பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை புறப்பட வேண்டும். சித்தி நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"அவர் வந்தால் என்னை எங்க தேடுவார்?"

"பிள்ளை, வாறவன் எண்டால் இவ்வளவு நாளும் வந்திருப்பான்" என்றார் அவர். கெட்டமனதோடு சொல்லவில்லை. தன் கூடப்பிறந்தவனைப் பற்றித்தான் சொல்லுகிறார், சொல்லும்போதே குரல் உடைந்தது. "உனக்கு என்ன வயசு? இந்தக் காட்டுக்குள்ள செருப்புக்குக் காவலிருந்து சாகப்போறியோ?"

"வெள்ளிக்கிழமை கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" என்றார் சித்தி. எங்கே கேட்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் நான் துருசடிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். அப்பா அண்ணனோடு கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை. பெண்பிள்ளைக்கு என்ன விளங்கும் என்ற எண்ணம்.

"வெள்ளிக்கிழமை நீ மேல அடி. வெள்ளை கூட்டத்துக்குள்ள செருகுப்பட்டு நிக்கட்டும். அவள் போகட்டும்."

"அது பொய்யல்லோ அப்பா?"

"இவ்வளவு நாளும் நீ அடிச்சது உண்மையே?"

அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு கோணியது. துரையின் மறுமொழி என்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பெரியவர்கள் நம்புகிறதும் நம்பாததும் ஒரே சட்டைப்பையில்தான் கிடக்கும் போலிருக்கிறது. ஒன்று மட்டும் அப்பா பிழையாக நினைத்திருந்தார். சித்தியை வெகுளி என்று நினைத்திருந்தார். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. சித்தப்பாவின் தமையன் சுவரோரம் கைகட்டி நின்றார். மலையகத்து அம்மா தேங்காய் கொண்டுவந்திருந்தார். யன்னல் பலகைகளுக்கூடாக வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்தது. மேலே வௌவால்கள் புரண்டு படுத்தன. நான் சிவப்புகளை அடுக்கிச் சட்டத்தை எடுத்தேன். அண்ணன் தடியைத் தூக்கினான். தடிநுனி வெள்ளையைச் சுற்றி வட்டம் போட்டது.

சித்தி ஓரடி முன்னே வந்தார்.

"தள்ளு தம்பி. கேக்கிறது நான். அடிக்கிறதும் நானாய் இருக்கட்டும்."

"சித்தி, உங்களுக்கு..."

"தா."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். வெண்கட்டி பொட்டளவாய்த் தேய்ந்து கிடந்தது. அதை எடுத்துத் தோலில் இரண்டு இழுப்பு இழுத்தார். குனிந்தார். அந்த மண்டபத்தில் அதற்கு முன்னால் ஒரு பெண்ணும் அப்படிக் குனிந்திருக்க மாட்டாள். அம்மா வெட்கத்தில் முகத்தைத் திருப்பினார். தடி ஒருதரம் பின்னே போனது. டக்.

வெள்ளை நேரே போய் உச்சிப் போளையில் முட்டியது. சிவப்புகள் வெடித்துப் போயின. வெள்ளை நின்றது. அது நெடுநேரம் நின்றதாகத்தான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம். பிறகு மெல்ல அசைந்து, வந்து, வந்து, சித்தியின் விரல்நுனியில் தொட்டு நின்றது.

"ஐயோ சாமி" என்று மலையகத்து அம்மா தேங்காயை மண்டப நிலத்திலேயே போட்டு உடைத்துவிட்டார். சித்தப்பாவின் தமையன் கைகூப்பினார். தடியையே தொட்டறியாத பெண் அடித்தும் வெள்ளை வருகிறது என்றால் அதற்கு மேல் யார் என்ன சொல்வது? அப்பாவின் முகத்தில் இரத்தமில்லை. அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சித்தியின் கையைப் பார்த்தான்.

"நான் போகேல்லை" என்றார் சித்தி. "அவர் வருவார்."

தமையன் தனியே போனார். அவர்கள் இந்தியாவுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பிறகு அறிந்தோம். சித்திக்குச் சாமி பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர், மூளை பிசகி விசர் பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர். அம்மா இரண்டையும் நம்பி, இரண்டுக்கும் நேர்த்தி வைத்தார்.

இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லவேண்டாம் என்றவர் இப்போது இல்லாதபடியால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம். அம்மாவும் அண்ணனும் நானாவின் லொறியில் மாங்குளத்துக்குப் போயிருந்தார்கள். அப்பா குளக்கட்டில், குசினி வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், குடையோடு நின்றார். சித்தி என்னை மடியில் சாய்த்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபப் பூட்டின் திறப்பு சித்தியின் இடுப்பில் இருந்தது. அது என் கன்னத்தில் குத்தியது.

டக்.

சித்தியின் விரல்கள் என் தலைமயிருக்குள் நின்றுவிட்டன.

"கேட்டனியோ?" என்றார்.

"ஓம் சித்தி. எப்பவும் கேக்கிறதுதானே."

"இல்லையடி." அவருடைய குரலை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் கேட்டதில்லை. "மற்ற நாளெல்லாம் நான். நான்தான் போய் அடிச்சுப் பழகினனான். உன்ரை அப்பா ஒருநாள் உன்ரை அண்ணனை மறிப்பார் எண்டு எனக்குத் தெரியும். என்ரை வாயால போகமாட்டன் எண்டால் ஆர் கேட்டிருப்பினம்? துரை சொன்னால் கேப்பினம்." என் தலையை அழுத்திப் பிடித்தார். "மற்றதெல்லாம் நான். இது நான் இல்லை."

நாங்கள் கைகோத்துப் போனோம். சித்தி பூட்டைத் திறந்தார். உள்ளே வெயில் கீற்றுகளில் தூசி அசையாமல் தொங்கியது. சிவப்புகள் மேசை முழுக்கச் சிதறிக் கிடந்தன. தடி சுவரில் சாத்தினபடி. வெள்ளை இந்தத் தலைப்பில், அடிப்பவர் நிற்கிற இடத்துக்கு நேரே இருந்தது. அது நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. சத்தமில்லாமல், பம்பரத்தைப் போல, சுழன்றுகொண்டேயிருந்தது. பங்களா சரிந்திருக்கலாம், எலி தட்டியிருக்கலாம், என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். சித்தி கையை நீட்டி அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் உடனே இழுத்துக்கொண்டார்.

"சுடுகுது" என்றார்.

மாரியின் முதல் மழையோடு சித்தப்பா வந்தார்.

குளக்கட்டில் நனைந்து நனைந்து ஓர் உருவம் வந்ததை முதலில் கண்டது அப்பா. வெறுங்கால். கிட்ட வரும்வரை அடையாளம் தெரியவில்லை, வந்த பிறகும் சரியாகத் தெரியவில்லை. சித்தி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, அவ்வளவு நாளும் அழாததையெல்லாம் அழுதார். பிறகு வாசலில் இருந்த செருப்பை எடுத்து அவர் காலுக்கு முன்னால் வைத்தார். பாதங்கள் வீங்கி உருமாறிப்போயிருந்தன, செருப்புக்குள் போகவில்லை. எங்கே இருந்தார், யார் வைத்திருந்தார்கள், ஏன் விட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேட்டால் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்த பிறகு நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம்.

மலையகத்து அம்மா வந்து சித்தப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் மகனும் வந்துவிடுவான் என்று பாட்டுப் பாடாத குறையாகப் போனார். அவன் வந்தானா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் அங்கே இருந்த வரைக்கும் வரவில்லை.

அண்ணனுக்குப் பெரிய சந்தோசம். சித்தப்பா வந்த அடுத்த நாள், அவர் குசினியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், அவருக்குக் காட்டவென்று மண்டபத்துக்குள் ஓடினான். மழை ஈரத்தில் துணி ஊறிக் கிடந்தது, போளை இனித் திரும்பாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அடித்தான். டக்.

சித்தப்பா எழுந்தார். கையில் பிசைந்த சோற்றோடு எழுந்தார். போய், குசினிச் சுவரில் மூக்கு முட்டும்படி, முகத்தைச் சுவருக்குக் கொடுத்து நின்றார். இரண்டு கையும் மெல்ல மெல்லத் தலைக்கு மேலே போயின. சோறு முழங்கையால் வழிந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா மண்டபத்தைப் பார்த்து "அடியாதையடா" என்று கத்தினார். சித்தி சித்தப்பாவின் தோளைத் தொட்டார். அவர் திரும்பவில்லை. திரும்பச் சொல்ல வேண்டியவர்கள் வேறு யாரோ.

அன்று பின்னேரம் சித்தி போளைகளையெல்லாம் முந்தானையில் கட்டிக்கொண்டு குளக்கட்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். குளம் புதுத் தண்ணீரில் கலங்கி, கட்டின் அரைவாசிக்கு வந்திருந்தது. சிவப்புகளை ஒவ்வொன்றாக எறிந்தார். ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் வட்டம் விரிந்து கரைக்கு வந்தது. கடைசியில் வெள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வருவாரோ எண்டுதான் நான் கேட்டனான்" என்றார், எனக்கில்லை, அதற்கு. "எப்பிடி வருவார் எண்டு கேக்கேல்லை."

பிறகு பலங்கொண்ட மட்டும் எறிந்தார்.

"போ. இனித் திரும்பி வராதை."

அது வரவில்லை. நாங்கள் பங்களாவை விட்டுப் போகிற வரைக்கும் நான் கரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கோடையில் குளம் வற்றிச் சேறு வெடித்தபோது சிவப்புகள் இரண்டு மூன்றை மாடு மேய்க்கிற பிள்ளைகள் எடுத்து விளையாடினார்கள். வெள்ளையை ஒருவரும் காணவில்லை. மேசை அங்கேயே கிடந்தது, அம்மா அதில் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயவிட்டார். மண்டபத்தில் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் சில மத்தியானங்களில், காற்று விழுந்து எல்லோரும் குசினியில் சரிந்திருக்கிற நேரத்தில், சித்தப்பா சட்டென்று எழும்புவார். எங்களுக்கு ஒன்றும் கேட்டிராது. அவர் போய் முகத்தைச் சுவருக்குக் கொடுத்து, கையை உயர்த்தி நிற்பார். முதல் சில தரம் சித்தி அவரை இழுத்துப் பார்த்தார், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டார். செய்துகொண்டிருந்த வேலையை வைத்துவிட்டு எழும்பிப் போவார். அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட, தானும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய கைகள் இறங்கும்வரை சித்தியும் கையை இறக்கமாட்டார்.